கணப்பைக் கழற்றிய கதை

சிம்லாவுக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது குளிர்காலம். "பனியெல்லாம் பெய்யுமாமே, உனக்கென்னப்பா ஜாலி" என்று ஊரிலிருந்து போன் போடுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். பனி பெய்கிற அன்றைக்குக் குளிர் அவ்வளவாகத் தெரியாது. பெய்து முடித்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருக்குமே, அந்த ராத்திரிதான் எலும்புக்குள் இறங்கும். மாயவரத்து மார்கழிக்கே மப்ளர் சுற்றிக்கொண்ட பரம்பரை நாங்கள். யோசித்துப் பாருங்கள்.

குடியிருப்பது வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்றின் மாடியில். மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் அடைத்துக் கட்டிய சுவர். தஜ்ஜி என்று இங்கே சொல்வார்கள். பூகம்பம் வந்தால் வளைந்து கொடுக்குமாம். நெருப்பு வந்தால் என்ன ஆகும் என்று வாடகை பேசும்போது நான் கேட்கவில்லை, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. கூடத்தின் நடுச்சுவரில் ஒரு கணப்பு. மேலே தேக்குப் பலகை, இரண்டு பக்கமும் செதுக்கிய தூண், நடுவில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. (குளிர் காய்வது என்று நாம் சொல்வதை எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? காய்வது நெருப்பில், பெயர் மட்டும் குளிருக்கு!)

அந்த ஓட்டைக்குள் விறகு கிடையாது. ஒரு கேஸ் கணப்பு இருந்தது. பித்தளை முகப்பு, உள்ளே தேன்கூடு மாதிரி வெள்ளைச் சுட்டமண் பலகைகள். பற்றவைத்தால் அந்தப் பலகைகள் சிவந்து சூட்டை அறைக்குள் வீசும். வீட்டுக்காரரின் அப்பா, லண்டனிலிருந்து திரும்பிய யாரிடமோ பல வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் பொருத்தியது. பக்கத்தில் ஒரு சிலிண்டர், நடுவே ரப்பர் குழாய். "விலாயத்தி சாமான் சாஹப், இன்னும் நூறு வருஷம் ஓடும்" என்றார் அங்கிள்ஜி. நானும் தலையாட்டினேன். சீமைச் சாமான் என்றால் நமக்கும் ஒரு மயக்கம் உண்டுதானே.

முதல் ஜனவரியில் அம்மா மாயவரத்திலிருந்து வந்தார். அம்மாவுக்குக் குளிரக்கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். பழைய செய்தித்தாள்களை மடித்து மடித்து ஜன்னல் சந்து, கதவிடுக்கு எல்லாவற்றிலும் திணித்தேன். காற்று நுழைய ஒரு நூல் இடைவெளி விடவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல பனி. காலையிலிருந்து கணப்பு எரிகிறது. நான் பால் வாங்கவும் வாசலில் பனி தள்ளவும் வெளியே போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால், தங்கமணி சோபாவில் சாய்ந்து கிடக்கிறார். "தலை வெடிக்குதுங்க." சின்னவள் வாந்தி எடுத்திருக்கிறாள். அம்மா கண்ணைத் திறக்காமல், "ஏன்டா, எனக்கு மட்டும்தான் தூக்கம் தூக்கமா வருதுன்னு நெனச்சேன்" என்றார். மூன்று பேரையும் ஸ்வெட்டர் மாட்டி, மெல்ல நடத்தி, டாக்டரிடம் போவதற்குள் எல்லோரும் ஓரளவு தெளிந்துவிட்டார்கள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இல்லாவிட்டால் சாப்பாடு என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்லமாட்டேன். அங்கே போனபோது எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மறுபடியும் அதே தலைவலி. புதன்கிழமை அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, பக்கத்து மேஜை நண்பர் இரண்டே கேள்வி கேட்டார். அவர் தன்பாத்காரர், அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா?" ஆமாம். "வீட்டை விட்டு வெளியே போனதும் சரியாகிவிட்டதா?" ஆமாம். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "உடனே வீட்டுக்குப் போன் போடு. அடுப்பை அணைக்கச் சொல், ஜன்னலைத் திறக்கச் சொல், எல்லாரும் வெளியே வரட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்."

கார்பன் மோனாக்சைடு. நெருப்புக்குப் போதுமான காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் வருவது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் ஒட்டிக்கொள்கிற சாமர்த்தியம் உண்டு. இதைச் சுரங்கங்களில் போய் ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1895இல் தானே அந்த வாயுவை அளந்து சுவாசித்து, எந்த அளவில் தலை வலிக்கிறது, எந்த அளவில் கால் தள்ளாடுகிறது என்று குறித்துவைத்தார். மறு வருஷம், வெடித்த சுரங்கங்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெடியால் சாகவில்லை, அதற்குப் பின் வந்த இந்த வாயுவால்தான் செத்தார்கள் என்று அறிக்கை கொடுத்தார். சுரங்கத்துக்குள் கூண்டில் குருவி கொண்டுபோகிற யோசனையும் அவருடையதுதான். சின்ன உயிர், வேகமாக மூச்சு விடும், மனிதனுக்கு முன்னால் மயங்கி விழும். பிரிட்டனின் சுரங்கங்களிலிருந்து கடைசிக் கேனரிக் குருவிகளுக்கு விடை கொடுத்தது 1986இல். எங்கள் வீட்டுக் குருவி சின்னவள்தான் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோன்றியது. தூக்கம் வரவில்லை.

சரி, சீமைச் சாமான் ஏன் இப்படிச் செய்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, என் கூடத்துச் சுவரில் இருந்த ஓட்டை எனக்கு முன்பு தெரிந்த ஓட்டையாகவே இல்லை.

இங்கிலாந்தில் ஆதியில் கணப்புக்குப் புகைபோக்கி கிடையாது. பெரிய கூடத்தின் நடுவே நெருப்பு, புகை கூரையிடுக்கு வழியாகப் போனால் போகும், போகாவிட்டால் கண்ணைக் கசக்க வேண்டியதுதான். சுவரோடு சேர்ந்த புகைபோக்கி 12ஆம் நூற்றாண்டில் கோட்டைகளில் தலைகாட்டி, சாதாரண வீடுகளுக்கு வர 16ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. புகைபோக்கி செய்கிற வேலை என்ன? சூடான காற்று லேசானது, மேலே ஏறும். ஏறுகிற காற்று அறையிலிருந்து புதுக்காற்றை நெருப்புக்குள் இழுக்கும். அந்த அறைக்குக் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று வரும். அதாவது, ஜன்னல் சந்தில் நுழைகிற குளிர்காற்றுதான் கணப்பு மூச்சு விடுகிற மூக்கு. நான் செய்தித்தாள் திணித்து அடைத்தது அந்த மூக்கை.

புகைபோக்கியை அடைத்து வம்பில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் நானில்லை. 1662இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் கணப்பு வரி என்று ஒன்று போட்டார்கள். ஒரு கணப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். எண்ணிப் பார்க்க அதிகாரி வீட்டுக்குள் வருவார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கணப்பைச் செங்கல் வைத்து மூடினார்கள், ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆக்ஸ்போர்டு பக்கம் சர்ச்சில் என்ற கிராமத்தில் 1684இல் பெரும் பகுதி எரிந்துபோனதற்கு, ரொட்டி சுடுகிற ஒரு அம்மாள் வரிக்குப் பயந்து தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் சேர்த்துவிட்டதுதான் காரணம் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். வரி 1689இல் ஒழிந்தது.

அடுத்த பிரச்சினை வீண் செலவு. திறந்த கணப்பில் எரிகிற சூட்டில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குத்தான் போகும். ஊரையே சூடாக்கப் பார்க்கிற காரியம். கவுண்ட் ரம்ஃபோர்ட் என்று ஒருவர், அமெரிக்காவில் பிறந்தவர், பவேரியாவில் பட்டம் வாங்கியவர், 1796இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவரைச் சாய்த்துக் கட்டு, புகை நுழைகிற தொண்டையை 4 அங்குலத்துக்குச் சுருக்கு. அவ்வளவுதான். அறையில் சூடு கூடியது, புகை குறைந்தது, பணக்கார வீடுகளில் மேஸ்திரிகள் சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்டியது யார் என்பதை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. சின்னப் பையன்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள்கூட. அவர்களுக்குப் பின்னால் வருகிற ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775லேயே எழுதினார். தொழிலால் வருகிற புற்றுநோய் என்று முதலில் அடையாளம் கண்டது அதைத்தான். 1788இல் ஒரு சட்டம், 1834இல் ஒன்று, 1840இல் ஒன்று, 1864இல் ஒன்று. ஒன்றையும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் ஒரு பையன் புகைபோக்கிக்குள் சிக்கிச் செத்த பிறகு, கரி அள்ளுகிறவர்கள் போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று வந்த சட்டம்தான் வேலை செய்தது. சட்டம் எழுதுவதற்கும் சட்டத்தைக் கண்காணிக்க ஆள் போடுவதற்கும் நடுவே எண்பத்தேழு வருஷம்.

இந்தக் கணப்புதான் மூட்டை கட்டி இந்தியாவுக்கும் வந்தது. 1864இல் சிம்லா கோடைத் தலைநகரானதும், இங்கிலாந்து வீட்டை அப்படியே மலையில் நட்டார்கள். வைஸ்ராய் மாளிகையைக் கட்டிய ஹென்றி இர்வின் நமக்கு அந்நியர் இல்லை. 1888இல் இங்கே வேலையை முடித்து, அப்புறம் சென்னைக்குப் போனார். உயர்நீதிமன்றக் கட்டடத்திலும், எழும்பூர் ரயில் நிலையத்திலும் இருப்பது அவர் கைவண்ணம். ஊருக்குப் போகும்போதெல்லாம் எழும்பூரில் பெட்டியோடு நிற்கிறேன், இங்கே வந்தால் அதே மனிதரின் மாளிகையைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறேன். அந்த மாளிகைக்குத் திறந்தபோதே மின்விளக்கு உண்டு. சூட்டுக்கு மட்டும் அறைக்கு அறை கணப்பு. மரமும் நெருப்பும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஊர் இது. பீட்டர்ஹாஃப் மாளிகை 1981இல் எரிந்தது, வைல்ட்ஃபிளவர் ஹால் 1993இல் எரிந்தது. (காந்தி கொலை வழக்கின் மேல்முறையீடு நடந்தது அந்த பீட்டர்ஹாஃபில்தான். அது தனிக் கதை, இன்னொரு நாள்.)

விறகும் நிலக்கரியும் போய் அந்த ஓட்டைக்குள் கேஸ் எப்படி வந்தது என்பதற்கு மறுபடி லண்டனுக்குத்தான் போக வேண்டும். 1952 டிசம்பர் 5ஆம் தேதி. காற்று அசையாமல் நின்றுவிட்டது. லட்சக்கணக்கான கணப்புகளின் நிலக்கரிப் புகையும் ஆலைப் புகையும் பனிமூட்டத்தோடு கலந்து ஐந்து நாள் நகரத்தின் மேல் உட்கார்ந்தது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். பின்னாளில் மறுபடி எண்ணியவர்கள் 12,000 வரை போகலாம் என்றார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை வரக்கூடாத பகுதி என்று கோடு போட்டார்கள். வீடுகளில் நிலக்கரிக் கணப்புக்கு முன்னால் ஒரு தகடு அடித்து, அதில் ஓட்டை போட்டு, கேஸ் கணப்பைப் பொருத்தினார்கள். கேஸ் எரிந்து வருகிற கழிவுக்காற்று அந்தத் தகட்டு ஓட்டை வழியாகப் பழைய புகைபோக்கிக்குள் போகும். ஆக, நெருப்புதான் மாறியது, புகைபோக்கி மாறவில்லை. அது திறந்திருந்தே ஆக வேண்டும். உள்ளே பறவைக்கூடோ செங்கல் தூளோ விழுந்தால் ஓட்டை அடைபடாமல் இருக்க, கணப்புக்குப் பின்னால் கொஞ்சம் பள்ளம்கூட விட்டிருப்பார்கள்.

அந்தக் காலத்து கேஸும் வேறு. நிலக்கரியைச் சுட்டு எடுத்த நகர வாயு. அதிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும், குழாய் கசிந்தாலே ஆபத்து. வடகடலுக்கு அடியில் 1965இல் இயற்கை வாயு கிடைத்ததும், 1967 முதல் 1977 வரை பத்து வருஷம், பிரிட்டனில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு அடுப்பின் ஜெட்டையும் மாற்றினார்கள். சுமார் 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர்கள், 4 கோடி கருவிகள். எனக்குத் தெரிந்து ஒரு நாடே தன் அடுப்பை இப்படி மொத்தமாக மாற்றிக்கொண்டது வேறு இல்லை. (நம் ஊரில் கேஸ் என்றால் சிலிண்டர். 1965இல் கல்கத்தாவில் இண்டேன் ஆரம்பித்தது. ஆனால் அதே கல்கத்தா 1857லேயே தெருவுக்கு வாயு விளக்குப் போட்ட ஊர்.) ஜெட் என்றால் சின்னத் துளைதானே என்று நினைக்காதீர்கள். சிலிண்டர் வாயு, இயற்கை வாயுவைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு காற்று கேட்கும். இயற்கை வாயுவுக்குப் போட்ட துளையில் சிலிண்டர் வாயுவை விட்டால் கேஸ் அதிகம், காற்று குறைவு, சுடர் மஞ்சளாகும், கரி படியும். எங்கள் வீட்டுச் சுட்டமண் பலகையில் கரி படிந்துதான் இருந்தது. மஞ்சள் சுடரைப் பார்த்து, "பாருங்க, நிஜ நெருப்பு மாதிரியே இருக்கு" என்று நான்தான் ரசித்தேன். போதாததற்கு சிம்லாவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். காற்றே கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

சிலிண்டர் கேஸ் நாறுமே, அது காட்டிக்கொடுக்காதா என்று தங்கமணி கேட்டார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் வந்த கதை கொடுமையானது. டெக்சாசில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம், 1937 மார்ச் 18. கணப்புக்காக வந்த, மணமே இல்லாத வாயு, தரைக்கடியில் கசிந்து சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி. கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதற்கப்புறம்தான் எரிவாயுவில் நாறுகிற மெர்காப்டனைக் கட்டாயம் சேர்க்கச் சட்டம் வந்து, உலகமெல்லாம் பரவியது. ஆனால் அந்த நாற்றம் எரியாத கேஸுக்குத்தான். எரிந்தபின் வருகிற கார்பன் மோனாக்சைடில் அது இருக்காது. இரண்டும் வேறு வேறு ஆபத்து. இதை நான் விளக்கியபோது அம்மா ஒரே வரியில் முடித்தார்: "விறகடுப்புப் புகை கண்ணைக் கரிச்சுச் சொல்லிடும்டா. இது சொல்லாது."

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம், திறந்து இரண்டே மாதம். 1968 மே 16 விடிகாலை, ஒரு பெண்மணி டீ போடத் தீக்குச்சி கிழித்தார். கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைக் குழாயோடு சேர்த்த ஒரு பித்தளைத் திருகின் குறைதான் கேஸ் கசிந்த காரணம். அதற்கப்புறம்தான் 1970இல் கேஸ் வேலை செய்கிறவர்களுக்குப் பதிவேடு வந்தது. 2009இலிருந்து அதன் இடத்தில் கேஸ் சேஃப் பதிவேடு. அதில் பெயர் இல்லாதவர் அங்கே கூலிக்குக் கேஸ் கணப்பைத் தொட்டால் குற்றம். எங்கள் வீட்டுக் கணப்பைத் தொட்டவர்கள் ஒரு தச்சர், ஒரு பிளம்பர், அப்புறம் நான்.

இனி, கழற்றிய கதை. மே மாதம், மழைக்கு முன்னால். அங்கிள்ஜிக்கு மனசே இல்லை. அப்பா வைத்த பொருள். "சுத்தம் பண்ணி மறுபடி வைக்கலாமே சாஹப்" என்றார். பேரக்குழந்தை கீழே விளையாடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, மேலே கூப்பிட்டு அம்மாவை அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அம்மாவின் தமிழ் அவருக்குப் புரியாது, என் மொழிபெயர்ப்பு ரொம்ப மோசம். ஆனாலும் பாதிச் செலவு அவருடையது என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் சிலிண்டர். கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் வந்து ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, வெளியே கொண்டுபோனார். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படரும், கணப்புப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் அது வெளியே போய், ஜன்னல் கதவெல்லாம் அரை நாள் திறந்து கிடந்த பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தோம். மிஸ்திரி வந்ததும் சுத்தியலை ஓங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய கேஸ் கணப்புகளில் சூடு தாங்குவதற்குக் கல்நார் அட்டையும் கல்நார்க் கயிறும் வைப்பது வழக்கம். உடைத்தால் தூள் பறந்து நுரையீரலுக்குள் போகும். பின்பக்கம் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை. கல்நார்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆமென்றே வைத்துக்கொண்டோம். மூக்கில் நல்ல முகமூடி கட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, உடைக்காமல் முழுசாக எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டினோம். அலுவலகத்தில் அப்போது பழைய கல்நார்க் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தக்காரரின் கழிவோடு அதுவும் போனது.

தகட்டை எடுத்தபோதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. பின்னால் இருந்த பள்ளம் கரியும் சுள்ளியும் விழுந்து நிரம்பி, கேஸ் கணப்பின் வாய் பாதி மூடிக் கிடந்தது. கூரை மேல் ஏறிப் பார்த்த மிஸ்திரி அங்கிருந்தே சிரித்தார். புகைபோக்கியின் உச்சியில் ஒரு தகர ஷீட், நாலு ஆணி. எதற்கு? குரங்கு இறங்குகிறது என்று! சிம்லாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், குரங்குத் தொல்லைக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. எத்தனை வருஷமாக அந்தத் தகரம் இருந்ததென்று அங்கிள்ஜிக்கும் நினைவில்லை. முன்னால் குடியிருந்தவர்கள் ஜன்னலில் செய்தித்தாள் திணிக்கவில்லை, பிழைத்தார்கள்.

தகரத்தை எடுத்து, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, புகை எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும். அதற்கென்று புகைக்குச்சி விற்கிறார்கள், இங்கே கிடைக்கவில்லை. அம்மா சாம்பிராணிக் கரண்டியை எடுத்துவந்தார். கணப்புக்குள் வைத்ததும் புகை அழகாக மேலே ஏறியது. எல்லோரும் கைதட்டாத குறை. இரண்டு நிமிஷத்தில் உள்ளறையிலிருந்து சின்னவள், "பாட்டி, இங்கேயும் சாமி வாசனை வருது!" என்றாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், பூசி மூடிய இன்னொரு கணப்பு. இரண்டு புகைவழிகளுக்கும் நடுவே இருந்த செங்கல் தடுப்பு விரிசல் விட்டிருக்கிறது. அது அவளும் பாட்டியும் படுக்கிற அறை.

அதோடு, கணப்புத் தரைக்குக் கீழே போன ஒரு உத்தரத்தின் முனை கறுத்திருந்தது. மரம் பல வருஷம் சூட்டிலேயே வெந்தால் மெல்ல மெல்லக் கரியாகும், அப்புறம் சாதாரண மரம் பற்றாத சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பழைய படி விறகு வைக்கலாம், மலையில் போடுகிற இரும்புத் தந்தூர் வைக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை எஃகுக் குழாய் இறக்கி, உத்தரத்தை மாற்றினால் செய்யலாம்தான். வாடகை வீட்டில் அந்தச் செலவு யார் செய்வது. ஆசையை விட்டுவிட்டேன்.

கடைசியில் இந்த வீட்டில் நெருப்பே வேண்டாம் என்று முடிவு. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர், 2,000 வாட். அதுவும் சும்மா இல்லை. 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும், மணிக்கணக்கில். பழைய ஒயரில் மாட்டினால் கேஸுக்குப் பதில் ஒயர் எரியும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவதில்லை என்று வீட்டில் சட்டம். உத்தரத்தின் கறுத்த முனைக்கு மரம் ஒட்டிப் பலப்படுத்தினோம், விரிசலைப் பூசினோம். புகைபோக்கி உச்சியில் மழை இறங்காமல் காற்று மட்டும் போகிற மூடி, சுற்றிலும் குரங்கு கை நுழையாத வலை. கீழே கணப்பு வாயைப் பலகை வைத்து மூடி, நடுவில் ஒரு சல்லடை ஜன்னல் விட்டோம். முழுசாக மூடினால் உள்ளே ஈரம் கோத்து, சுவரும் உத்தரமும் உளுத்துவிடும். உபயோகிக்காத புகைபோக்கியும் மூச்சு விட வேண்டும்.

நெருப்பே இல்லாத கூடத்திலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன். பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்திலும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிஷத்துக்குள்ளும் கத்தும். கீழ் வீட்டில் அங்கிள்ஜி ராத்திரியில் அங்கீட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் உள்ளவர். தில்லியிலும் இந்தப் பக்கத்திலும் ஒவ்வொரு குளிர்காலமும் மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி எழாதவர்களின் செய்தி வருகிறது. தீபாவளிக்கு ஸ்வீட்டோடு ஒரு அலாரமும் அவருக்குக் கொடுத்தேன். போன டிசம்பரில் ஒரு ராத்திரி அது கத்தியது. பேட்டரி சரியில்லை என்று அணைக்கப் போனாராம். அவர் மனைவி விடவில்லை, அங்கீட்டியைத் தூக்கித் திண்ணையில் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அங்கிள்ஜி மாடிக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் அம்மாவுக்கு ஒரு கூடை ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்.

பித்தளை முகப்பை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார். துலக்கி, கீழே வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறார். மேலே எங்கள் கூடத்தில் தேக்குப் பலகை காலியாக இருந்தது. நவராத்திரிக்கு அம்மா அதில் மரப்பாச்சியையும் தசாவதாரத்தையும் ஏற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொலுப்படியைக் கணப்புக்கு முன்னாலேயே நிறுத்தினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்கிறார். சல்லடை ஜன்னலை மறைக்கக் கூடாதும்மா என்று நான். ஒன்பது நாளைக்குத்தானேடா என்று அவர். இந்த வருஷம் நான் ஜெயித்தேன். அடுத்த வருஷம் தங்கமணி எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை :-)